துரு வளர்த்த அண்ணாச்சி

அண்ணாச்சி, ஓடுகிற காரை வைத்திருக்கப் பணம் இருந்தால் போதும். ஓடாத காரை வாசலில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் "அப்பா வாங்குன வண்டி, செஞ்சிருவோம்" என்று முகம் வாடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேறொரு மனசு வேண்டும். அந்த மனசு உங்களுக்கு வாய்த்திருக்கிறது. விருதுநகரில் கிளம்பி ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர் என்று எந்த ரோட்டில் போனாலும், ஏதோ ஒரு காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில், ஏதோ ஒரு வேப்பமரத்தடியில், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஓர் அம்பாசடர் நிற்கிறது. சில வீடுகளில் பத்மினி. அபூர்வமாக, வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவற்றை நிறுத்தி வைத்திருக்கும் அத்தனை பேர் சார்பாகவும் உங்கள் ஒருவருக்கு இந்தப் பாராட்டை வாசிக்கிறேன். பொன்னாடை கொண்டுவரவில்லை. கொடுத்தாலும் அதைக் காரின் மேல்தான் போர்த்துவீர்கள் என்று தெரியும்.

முதலில் உங்கள் திறமை. இந்த மாவட்டத்தில் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது சாதாரணக் காரியமா? சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு காரைத் தெருவில் விட்டால் உப்புக்காற்றே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதில் உரிமையாளருக்கு ஒரு பெருமையும் கிடையாது. நம்முடையது வானம் பார்த்த பூமி. வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான் ஆட்சி. அந்த வெயிலை நம்பித்தான் தொழிலே இங்கே காலூன்றியது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, குச்சியும் மருந்தும் காய்வதற்கு இந்த வறண்ட காற்றைவிடப் பெரிய முதலீடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. ஈரமில்லாத காற்றின் மேல் எழும்பிய ஊர் இது. பழைய காரைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு இயற்கை இதைவிடச் சலுகை தர முடியாது. அதையும் தோற்கடித்து, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள மார்க் 3 அம்பாசடரைச் சல்லடையாக்கிக் காட்டியிருக்கிறீர்கள். கடலோரத்துக்காரர்கள் உங்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

பொருளைக் காக்கத் தெரியாத ஒருவர் இதைச் செய்திருந்தால், பாவம் என்று விட்டுவிடலாம். நீங்கள் விருதுநகர் மார்க்கெட்டில் வளர்ந்தவர். வத்தலும் மல்லியும் உளுந்தும் இங்கே என்ன விலை என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க்காரர் பலர் விலை சொல்கிறார்கள். விலை ஏறும்வரை சரக்கைக் கெடாமல் இருப்பு வைப்பதுதான் உங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு முன்பே சொல்லிக்கொடுக்கிற பாடம். வத்தல் மூட்டையை ஒருநாளாவது வெறுந்தரையில் இறக்கியிருப்பீர்களா? கீழே கட்டை, கட்டைக்கு மேல் பலகை, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கு, நடுவில் காற்றுப் போக வழி. குடோன் கூரையில் ஒரு சொட்டு ஒழுகினால் நடுராத்திரியில் ஏணியோடு ஆள் ஓடும்.

சிவகாசிப் பக்கம் உங்கள் சம்பந்தி வீட்டுப் பட்டாசு ஆலையில் இன்னும் கறார். மருந்து கையாளும் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும், இடிதாங்கி வேண்டும், தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். கலந்த மருந்தில் மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் யாரும் பற்றவைக்காமலே அது சூடேறும். அந்தப் பாடத்துக்கு இந்த வட்டாரம் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். ஈரம் என்ன செய்யும், காற்றோட்டம் எதற்கு, கூரை எதற்கு என்று உங்கள் இரண்டு குடும்பத்துக்கும் யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கட்டு ஓலைவெடிக்குக் கூரை போட்டீர்கள்; அப்பா வாங்கிய காருக்கு வானத்தைப் போட்டீர்கள். வியாபாரச் சரக்கையும் குடும்பச் சொத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாத இந்தத் தெளிவு எத்தனை பேருக்கு வரும்?

அப்படி ஒரேயடியாக வானத்தை மட்டும் நம்பி விட்டுவிட்டீர்கள் என்றும் சொல்லக்கூடாது. ஃப்ளெக்ஸ் போர்த்தியிருக்கிறீர்கள். அதில் எப்போதோ ஒரு தேர்தலில் நின்றவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பானெட்டின் மேல் படுத்திருக்கிறார். அச்சுத் தொழிலுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காருக்குத் துணி உறை வாங்கினால் ஊருக்கு மரியாதையா? துணி உறையில் காற்று நுழைந்து வெளியேறும். ஃப்ளெக்ஸ் அப்படி எதையும் அனுமதிப்பதில்லை. பகலில் மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி அதற்கடியில் போய்த் தங்கும். மார்கழி ராத்திரியில் தகடு குளிரும்போது அந்த ஆவி அத்தனையும் நீராக மாறி, கூரையிலும் கதவிலும் உட்புறமிருந்து வேர்க்கும். மழையே இல்லாத மாதத்திலும் உங்கள் கார் தினமும் குளிப்பது இப்படித்தான். ஒன்றும் போர்த்தாமல் விட்டிருந்தால் காலை பத்து மணி வெயிலில் காய்ந்து தொலைத்திருக்கும். வெயில் வந்து காயவைத்துவிடுமே என்று பயந்து மூடினீர்கள் பாருங்கள், அது தொலைநோக்கு. போதாக்குறைக்கு ஆடிக் காற்றில் ஃப்ளெக்ஸ் படபடவென்று அடித்து, அடியில் புகுந்த மணலை வைத்துப் பெயின்டைத் தேய்த்துத் தேய்த்துப் பிரைமரைக் காட்டிவிட்டது. பட்டறையில் இந்த வேலைக்கு உப்புத்தாள் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். உங்களுக்கு இலவசம்.

வேப்பமரத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஞானம் தெரிகிறது. நிழல் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாசி, பங்குனியில் அது கொட்டும் சருகு முழுக்க பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும், டிக்கி மூடியைச் சுற்றியுள்ள வாய்க்காலிலும் போய் அடைகிறது. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்காகக் கதவின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அவையும் சருகுத் தூளால் அடைபட்டுவிடும். பிறகு ஒவ்வொரு கதவும் ஒரு சின்னக் கண்மாய். மாவட்டத்தில் எத்தனையோ கண்மாய்கள் தூர்ந்து கிடக்கிற காலத்தில், ஐந்தாறு கண்மாய்களைச் சொந்தச் செலவில் நிரப்பி வைத்திருக்கிறீர்கள். காக்கை எச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பெயின்டை அரிக்கும் அந்தச் சரக்குக்கும் நிழலோடு சேர்த்துத்தான் வாடகை.

துருவின் குணம் உங்களுக்கு ஒத்துப்போவது இயல்பு. அதுவும் அவசரப்படாது. தகட்டில் ஓர் ஊசிமுனை அளவுக்குப் பெயின்ட் விலகினால் போதும், அங்கே உட்கார்ந்துகொள்ளும். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுவதால், பக்கத்திலுள்ள பெயின்டை அதுவே தூக்கி, தனக்கு இடம் பண்ணிக்கொண்டு நகரும். மேலே ஒரு பொரி அளவுக்குக் கொப்புளம் தெரிகிறது என்றால் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வேலை முடிந்திருக்கும். அந்தக் கொப்புளத்தை முதல் வருஷமே பார்த்தீர்கள். சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்தால் அரைநாள் வேலை. "எப்படியும் மொத்தமாப் பண்ணப் போறோம்ல, இப்ப எதுக்கு அரைகுறையா?" என்றீர்கள். எடுத்த வேலையை முழுசாகச் செய்கிறவர்கள் இப்படித்தான் தொடங்கவே மாட்டார்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் காரை நிறுத்தினால் வருஷத்துக்கு இரண்டு முறை ஊஞ்சலாடும். டயரைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சிமென்ட் தளம் போடாமல், நான்கு பக்கமும் செங்கல் அடுக்கிக் காரைத் தூக்கி வைத்தீர்கள். இரண்டு ஐப்பசிக்குள் ஒரு பக்கச் செங்கல் மட்டும் உள்ளே இறங்கி, கார் தெற்கே சாய்ந்துவிட்டது. அம்பாசடருக்கு லாரிக்கு இருக்கிற மாதிரித் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக் கட்டுமானமும் சேர்ந்துதான் உடம்பையே தாங்குகின்றன. அந்தப் பெட்டி உள்ளிருந்து துருப்பிடித்துப்போன நிலையில் காரைச் சாய்த்தும் வைத்தால் கதவுச் சட்டம் கோணும். இன்றைக்கு உங்கள் முன்கதவைத் திறந்தால் மூட முடியாது. மூடியிருப்பதைத் திறக்க முடியாது. திருடன் கவலை தீர்ந்தது. ஹெரால்டு வைத்திருக்கிறவருக்காவது தனிச் சேஸிஸின் மேல் உடம்பைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பதால் பிரித்துப் போட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தரைத் தகட்டில் ஓட்டை விழுந்ததும் கீழே இருந்து சீமைக்கருவேலம் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அதை வெட்டாமல் விட்டீர்கள். இப்போது டிரைவர் சீட்டில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போன மாநிலத்தில், அதற்கு ஸ்டீயரிங்கைக் கொடுத்த ஒரே ஆள் நீங்கள். பின்சீட்டுப் பஞ்சில் எலி குடும்பம் நடத்துகிறது. வயரைக் கடித்துக் குட்டிக்குப் பதமாக்கியிருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் குளவிக் கூடு. டிக்கியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டை வைக்கிறது, அதைத் தேடிச் சாரைப்பாம்பு வருகிறது. அன்னசத்திரம் கட்டியவர்களைக் கல்வெட்டில் எழுதினார்கள், உங்களுக்கு ஆர்.சி. புத்தகமே சாட்சி.

எஞ்சின் விஷயத்தில் உங்கள் அக்கறையைச் சொல்லாமல் விட்டால் பாவம். நிறுத்தின முதல் சில வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் போட்டு அணைத்தீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. ஓடுகிற வண்டியில் சூடேறி அது சைலன்சர் வழியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் வெதுவெதுப்பைத் தாண்டாது. தண்ணீர் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஆக, வாரம் ஒரு முறை எஞ்சினுக்குள் தண்ணீர் தெளித்துவிட்டு, கடமையை முடித்த நிம்மதியில் எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போனீர்கள். பழைய மெக்கானிக்கைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்: ஸ்டார்ட்டே போடாதீங்க, பிளக்கைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, மாதத்துக்கு ஒரு முறை ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றி வையுங்கள், ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடுங்கள், டேங்கைச் சுத்தமாகக் காலி பண்ணுங்கள், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் குறையாமல் பாருங்கள். அம்பாசடரில் ஹேண்டில் போட வைத்திருக்கும் ஓட்டை இப்படிப்பட்ட காலத்துக்கும் உதவும். ஆனால் அதில் புகையும் சத்தமும் வராது. கார் உயிரோடு இருக்கிறது என்று தெருவுக்கு எப்படித் தெரியும்?

அரை டேங்க் பெட்ரோலை அப்படியே விட்டீர்கள். அதில் லேசானது பறந்துபோய், மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரில் உறைந்தது. டேங்கின் காலிப் பாதி உள்ளுக்குள் துருப்பிடித்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற சாதி; வீல் சிலிண்டர் நான்கு பக்கமும் இறுகி, டிரம் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டது. சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் துருவால் பூட்டுப் போட்டது. அதற்குப் பிறகு அந்த 1,489 சி.சி. எஞ்சின் ஒரு நாளும் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

இந்தக் கலை உங்களோடு அழிந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். உங்களைப் பார்த்து உங்கள் மைத்துனர் தன் மாருதி 800-ஐ எதிர்ச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார். அவர் ஞாயிறு ஸ்டார்ட்டுக்கு ஊற்றுவது இந்தக் காலத்துப் பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் இழுத்தால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யாத பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்குவதும் சந்தேகம். நீங்கள் இருபது வருஷத்தில் சாதித்ததை அவர் ஏழெட்டு வருஷத்தில் முடித்துவிடுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

எல்லாவற்றிலும் மேலானது உங்கள் நம்பிக்கை. "அடுத்த வருஷம் செஞ்சிருவோம்." அடுத்த வருஷம் என்பது மற்றவர்களுக்கு ஜனவரியில்தான் வரும். சிவகாசியில் ஆடி பதினெட்டுக்கே வந்துவிடும். காலண்டர் ஆல்பங்களை அன்றைக்குத்தானே வெளியிடுகிறார்கள். அடுத்த வருஷத்தையே உற்பத்தி செய்கிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அவசரம் எதற்கு? மகள் கல்யாணம் முடியட்டும் என்றீர்கள், முடிந்தது. பையன் படிப்பு முடியட்டும் என்றீர்கள், அவன் படித்து முடித்து வெளிநாட்டில் வேறு கார் வாங்கிவிட்டான். தீபாவளி சீசன் முடியட்டும் என்பது மட்டும் வருஷா வருஷம் புதுசாக இருக்கிறது. முதல் வருஷம் இந்தக் காருக்குக் கேட்டது பேட்டரி, டயர், பிரேக் கிட், கார்புரேட்டர் சுத்தம். ஐந்தாவது வருஷம் அதோடு வயரிங், ரூஃப் துணி, சீட். இன்றைக்குத் தரைத் தகடு முழுக்க, பக்கத்துப் பெட்டிகள், நான்கு கதவின் அடிப்பாகம், எஞ்சின் ரீபோர், குரோம் மொத்தமும். பணத்தைச் சும்மா பாங்கில் போட்டுவைக்கிறவர்கள் வட்டி வளர்வதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நீங்கள் செலவையே வளர்த்திருக்கிறீர்கள்.

அதோடு, தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு எடுத்து, கேஸ் வெல்டிங்கில் ஒட்டுத் தெரியாமல் வைக்கிற டிங்கர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். இப்போதுள்ள பட்டறைகளில் அடிபட்ட மட்கார்டைக் கழற்றிப் புதுசு மாட்டத்தான் ஆள் இருக்கிறது. அந்தக் கை வேலைக்காரர்கள் எல்லோரும் போன பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்கும் உங்கள் நிதானம் எனக்கு வராது.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தத் துறையில் முன்னேறியவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் 1957 ஜூன் 15 அன்று, புத்தம்புதுப் பிளைமவுத் பெல்வடியர் கார் ஒன்றை, அணுகுண்டுக்கும் தாங்கும் என்று சொல்லிக் கான்கிரீட் தொட்டி கட்டி நிலத்தடியில் புதைத்தார்கள். 50 வருஷம் கழித்து எடுத்து ஓட்டிப் பார்ப்பது திட்டம். அப்போது பெட்ரோல் கிடைக்குமோ கிடைக்காதோ என்று கேனில் பெட்ரோலும் கூடவே வைத்தார்கள்; ஒரு பெட்டி பீரும் வைத்தார்கள். காரைப் பிளாஸ்டிக்கால் சுற்றியும் விட்டார்கள். 2007 ஜூனில் திறந்தால் தொட்டி நிறையத் தண்ணீர். கார் முழுக்கச் சேறும் துருவும். ஒரு நகரமே சேர்ந்து, கான்கிரீட்டும் பொறியாளர்களுமாக, அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டு செய்த காரியம் அது. நீங்கள் தனி ஆளாக, ஒரு ஃப்ளெக்ஸை மட்டும் வைத்து, பாதிக் காலத்துக்குள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். பெல்வடியரையாவது அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

யாராவது குறை சொன்னால் நீங்கள் எடுத்துவிடும் ஆயுதம் எனக்குத் தெரியும். "காமராஜர் கார் நிக்கலையா?" நின்றது. நம் விருதுநகரில் பிறந்தவர் பயன்படுத்திய செவர்லே, எம்.டி.டி. 2727, சென்னை தேனாம்பேட்டையில் காமராஜர் அரங்கத்தில் நீண்ட காலம் ஓடாமல்தான் நின்றது. சமீப வருஷங்களில்தான் அதைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்தார்கள். ஆனால் அந்தக் காருக்கு ஒரு கட்சி இருந்தது, பேப்பரில் எழுத ஆள் இருந்தது, ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்க ஊர் இருந்தது. உங்கள் காருக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். வேறு யாரும் வந்து காப்பாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள அது வசதி.

சட்டமும் உங்களை ஒன்றும் செய்யாது. பறிமுதல் செய்த வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பதில் ஒரு பயனும் இல்லை, சீக்கிரம் முடிவெடுங்கள் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது. அது போலீசுக்கு. சொந்த வாசலில் சொந்தக் காரைச் சிறை வைத்தால் எந்த மாஜிஸ்திரேட் கேட்பார்? மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அதையெல்லாம் கட்டிக்கொண்டிருப்பது ஓட்டுகிறவர்கள் பாடு. உங்களுக்கு நல்ல செய்தி வேறு இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 வயது தாண்டிய காரை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். 20,000 ரூபாய் கட்டணம், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து, 10 வருஷத்துக்குச் செல்லும். உங்கள் மார்க் 3 அந்த வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும், உடம்பையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள்தான் எதையுமே தொடவில்லையே. வயது என்ற ஒரு தகுதியை நீங்கள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறீர்கள். நம்பர் பிளேட்டை மாட்ட ஓர் இடம் தகட்டில் மிச்சமிருந்தால் போதும்.

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ வாங்கியது. பெயர் துருப்பிடிக்காது என்பதால் அவர்கள் கொடுத்த விலை அது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "பாத்தியா, இதுக்கு இன்னும் மவுசு இருக்கு" என்று ஃப்ளெக்ஸை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டீர்களாம்.

அந்த மவுசை நம்பித்தான் மதுரையிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான் போலிருக்கிறது. சின்னப் பட்டறை வைத்திருக்கிறானாம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்திருக்கிறான். "இன்னும் ரெண்டு மழை தாங்காது அண்ணாச்சி. இப்பக் குடுத்தீங்கன்னா தகடு வெட்டி வச்சு நிமித்திரலாம். கூரை எங்கிட்ட இருக்கு" என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கும் விலைக்கு மேலேயே சொல்லியிருக்கிறான். முடிந்ததும் உங்களை முதல் ஆளாக உட்காரவைத்து ஒரு சுற்று அழைத்துப்போவதாக வேறு சொன்னானாம். நீங்கள் கொஞ்சமும் அசையாமல், "அப்பா வண்டி தம்பி, விக்கிறதுக்கில்ல. நாங்களே செஞ்சிருவோம்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அப்பா ஓட்டிய காரை இன்னொருவன் ஓட்டுவதைப் பார்ப்பதைவிட, அது ஓடாமலே மண்ணோடு போவதைப் பார்ப்பது மகன் கடமை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் திரும்ப வருவான். நம்பரை வாங்கிப் போயிருக்கிறான், ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பான். தயவு செய்து மனசு இளகிக் கொடுத்துவிடாதீர்கள், அண்ணாச்சி. பையனைப் பார்த்தால் அடுத்த தீபாவளிக்குள் ஓட்டிவிடுகிறவன் மாதிரித் தெரிகிறது.